ஒன்பதாவது வண்டி

கைப்பிடி பூட்டியிருந்தது. அவள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. ஆத்திரத்தில் ஓர் உதை விட்டாள். வண்டி லேசாக ஆடிவிட்டுப் பழையபடி நின்றுகொண்டது. அவளுடைய கால் கட்டைவிரல்தான் விண்ணென்று வலித்தது.

“இதுக்குச் சாவி எங்க வச்சிருக்கீங்க?” என்று பின்னறைப் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

கத்திய பிறகுதான் உறைத்தது. அந்த அறையில் படுத்திருக்கும் மனிதர் காலை ஆறு மணியிலிருந்து யாருக்கும் பதில் சொல்வதில்லை. அதற்கு முன்பும் இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னவர் இல்லை.

முன்னறையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் கப்பென்று வாயை மூடினார்கள். அக்கம்பக்கத்தவர்களும் அவருடைய ஆபீஸ் ஆட்களுமாக ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். அந்த அறையில் நாற்காலி போட இடமில்லாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது. நாலு பழைய மோட்டார் சைக்கிள்கள் அங்கே நெருக்கியடித்து நின்றன. துக்கம் கேட்க வந்தவர்கள் அவற்றின் மேல்தான் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக உள்ளே நுழைகிற யாரும், இவர்கள் எல்லாம் சேர்ந்து எங்கேயோ சவாரி கிளம்புகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

மகள் அழுது சிவந்த கண்ணோடு வந்து அவள் கையைப் பிடித்தாள். “அம்மா, ஆளுங்க இருக்காங்கம்மா. மெதுவாப் பேசு.”

“முப்பது வருஷம் மெதுவாப் பேசினதுக்குத்தான் இந்தக் கோலம். தள்ளு.”

விஷயம் இதுதான். முன்னறையிலிருந்து பின்னறைக்குப் போக ஒரே ஒரு நடை. அந்த நடையில் சுவரை ஒட்டி இன்னும் நாலு வண்டிகள், ஒன்றின் வாலில் இன்னொன்றின் மூக்கு இடிக்க. நடை முடிகிற இடத்தில், பின்னறைக் கதவுக்கு எதிரே, துணி துவைக்கும் மூலையில், தார்ப்பாய் போர்த்திக் கயிற்றால் கட்டிய ஒரு குவியல். ‘உதிரி சாமான்’ என்று அவர் சொல்லியிருந்தார். மிச்சமிருந்த இடத்தில் ஓர் ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் போக முடியும். வயிறு பெருத்த ஆளென்றால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

காலையில் ஆம்புலன்ஸ்காரர்கள் கொண்டுவந்த ஸ்ட்ரெச்சர் நடையில் இரண்டாவது வண்டியோடு நின்றுவிட்டது. ஒருவர் தள்ள, ஒருவர் இழுக்க, அதன் நீல விரிப்பு பிரேக் கம்பியில் மாட்டிக் கிழிந்தது. கடைசியில் அதை அங்கேயே போட்டுவிட்டு, பையை மட்டும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். நாடி பார்த்தார்கள். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார்கள். “நாங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே போயிட்டாரும்மா. ஸ்ட்ரெச்சர் உள்ள வந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது” என்று அவர்களில் மூத்தவர் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். அவளுக்கு அது கேட்டது. அவள் கோபத்துக்குக் கேட்கவில்லை.

பத்து மணிக்குச் சவப்பெட்டி செய்கிறவர் டேப்போடு வந்தார். படுத்திருந்தவரை அளந்தார், நடையை அளந்தார், உதட்டைப் பிதுக்கினார்.

“பெட்டி இங்க திரும்பாதும்மா. பெட்ஷீட்ல வச்சு நாலு பேரு தூக்கிட்டு வந்துடலாம். வாசல்ல பெட்டிக்குள்ள படுக்க வச்சுக்கலாம். எல்லா வீட்லயும் நடக்கறதுதான்.”

“எங்க வீட்ல நடக்காது. மடக்கி, சாய்ச்சு, மூட்டையத் தூக்கற மாதிரி அவரைத் தூக்கக் கூடாது. பெட்டி உள்ள வரும். அவரு படுத்தபடியே நேரா வெளிய போவாரு.”

“மூணு மணிக்கு மயானத்துல நேரம் குடுத்திருக்காங்களேம்மா.”

“ரெண்டு மணிக்குப் பெட்டியக் கொண்டாங்க. வழி இருக்கும்.”

சொல்லிவிட்டாள். இப்போது மணி பதினொன்று. முதல் வண்டியே மசியவில்லை.

அவர் குடித்ததில்லை. சீட்டாடியதில்லை. கோபத்தில்கூட ஒரு நாளும் கை நீட்டியதில்லை. அதனாலேயே அவளால் யாரிடமும் போய்க் குறை சொல்ல முடியவில்லை. ‘பழைய வண்டிதானே வாங்கறாரு, வேற என்ன?’ என்று கேட்டார்கள். வேறு என்ன என்பது, ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து கியர் கம்பியில் கால் இடித்துக்கொண்டவளுக்குத்தான் தெரியும். மகள் கல்யாணமாகிப் போன மறுமாதமே அவளுடைய அறையில் இரண்டு என்ஜின்கள் குடியேறின. மகள் வீட்டுக்கு வந்தால் அம்மாவோடு சமையலறையில் படுத்துக்கொண்டு போவாள்.

அவருக்குத் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை. தெருத் தெருவாகப் போய், ஒவ்வொரு வீட்டின் பின்பக்கமும் நுழைந்து, மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். மீட்டர் இருக்கிற மூலையில்தான் பாழாய்ப்போன பழைய வண்டிகளும் கிடக்கும் போலிருக்கிறது. செடி முளைத்த வண்டி, கோழி முட்டையிட்ட வண்டி, வாங்கியவர் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் கழித்தும் நிற்கிற வண்டி. அவர் எண்ணைக் குறித்துக்கொண்டே, “இத என்ன பண்ணப் போறீங்க?” என்று ஒன்றுமே தெரியாதவர் மாதிரி கேட்பார். அடுத்த சனிக்கிழமை அது இந்த வீட்டு வாசலில் நிற்கும்.

அதற்கு அவர் ஒரு காரணமும் வைத்திருந்தார். அந்தக் காரணம்தான் இத்தனை வருஷமும் அவள் வாயை அடைத்தது.

கல்யாணமான புதிதில் அவர்களிடம் ஒரு வண்டி இருந்தது. அவள் குள்ளம். பின்னால் ஏற எம்பி எம்பிக் குதிப்பாள், தெருவே சிரிக்கும். அப்போது வெல்டிங் கற்றுக்கொண்டிருந்த அவளுடைய தம்பி, வண்டியின் இடது பக்கம் ஒரு சின்ன இரும்புப் படியைப் பற்றவைத்துக் கொடுத்தான். அவன் தனியாகச் செய்த முதல் வேலை. கஞ்சி கொட்டிக் காய்ந்த மாதிரி திட்டுத் திட்டாக இருக்கும். அந்தப் படியில் இடது காலை வைத்து ஏறினால் ராணி மாதிரி உட்காரலாம். மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவர் அந்த வண்டியை விற்றார். அவளிடம் சொல்லவில்லை. மூன்று நாள் வியர்க்க விறுவிறுக்க நடந்தே வந்துவிட்டு, “காத்து நல்லா இருந்துச்சு, அதான் நடந்தேன்” என்றார். அன்றைக்கு அவள் அழுத அழுகை அவருக்காக.

அதற்குப் பிறகு எந்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அதே பேச்சுதான். “தூரத்துலேர்ந்து பாத்தப்ப நம்ம வண்டியேதான்னு நெனச்சேன். கிட்டப் போனா இல்ல. ஆனா ரொம்ப சல்லிசா வந்துச்சு, விட மனசு வரல.”

‘நம்ம வண்டி’ என்று அவர் சொன்னதும் அவள் தொண்டை வரை வந்த வசவு உள்ளே போய்விடும். இருபத்தெட்டு வருஷம் அப்படிப் போனது.

பிற்பாடு, புதிதாக வந்ததே தெரியாமல் இருக்கட்டும் என்று எல்லா வண்டியின் டேங்குக்கும் ஒரே அரக்குச் சாயத்தை அடித்துவைத்தார். யாரிடம் இந்த வேலை? அவள் ஆயத்த ஆடைக் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் இருபது வருஷம் நின்றவள். ஆயிரம் சட்டையில் ஒரு பொத்தானின் நூல் நிறம் மாறியிருந்தாலும் எடுத்து மேஜையில் போட்டுவிடுவாள். ஒவ்வொரு வண்டியும் தரையில் எங்கே எண்ணெய் சொட்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. காலையில் பெருக்கும்போது புதுக் கறை தெரியும்.

“புதுசா ஒண்ணு வந்திருக்கு போல?”

“எது? இது அதேதான். தொடச்சு வச்சேன், அதான் உனக்குப் புதுசாத் தெரியுது.”

முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. அவளும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். மொத்தம் எட்டு. அவள் கணக்கில் தப்பு வந்ததில்லை.

பதினொன்றரைக்கு அவருடைய கூட்டாளி மெக்கானிக் வந்தான். எந்தச் செத்த வண்டியையும் ஒரே உதையில் கிளப்புவான் என்பதால் அவனைக் கிக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலில் நின்றிருந்த சைக்கிளைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் குரலெடுத்து அழ ஆரம்பித்தான்.

“அண்ணே! என்ன விட்டுட்டுப் போயிட்டீங்களே!”

“கிக்கரு, அழுகைய அப்புறம் வச்சுக்க. ஊர்ல கெடந்த குப்பையெல்லாம் இந்த மனுஷன் தலையில கட்டினது நீதான? நீயே வெளிய எடு.”

“அண்ணி, சத்தியமா நான் வேண்டாம்னுதான் சொல்வேன்.”

“சொல்லிட்டு நீயே போய் வெல பேசுவ.”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவள் சமையலறையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து அவன் முன்னால் கவிழ்த்தாள். நாற்பது சாவியாவது இருக்கும். “எது எதுக்குன்னு ஒரு துண்டுச் சீட்டாவது ஒட்டி வச்சாரா பாரு.”

கிக்கர் அதில் ஒன்றைப் பார்க்காமலே எடுத்தான். முனை மழுங்கிய சாவி. பூட்டில் நுழைத்துக் கொஞ்சம் ஆட்டினான், கைப்பிடி விடுபட்டது. “இந்த வயசு வண்டிக்கெல்லாம் பூட்டு தேஞ்சு போயிருக்கும் அண்ணி. ஒரே சாவி போதும். அண்ணனுக்கும் தெரியும்.”

“அப்ப மிச்சமெல்லாம் எதுக்கு?”

“வண்டியோட வந்த சாவி அண்ணி. தூக்கிப் போட மனசு வருமா?”

அவளுக்கு அந்த டப்பாவை அவன் தலையிலேயே கவிழ்க்கலாம் போலிருந்தது. முன்னறைக்குத் திரும்பினாள். “எல்லாரும் எந்திரிங்க. உக்காந்திருக்கற வண்டிய ஆளுக்கு ஒண்ணா தெருவுக்குத் தள்ளிட்டுப் போங்க. துக்கம் அங்க நின்னு விசாரிக்கலாம்.”

அவருடைய மேலதிகாரி வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, அவரும் எழுந்து கைப்பிடியைப் பிடித்தார். வாசல்படி தாண்டுவதற்குள் சட்டையில் ஒரு கருப்புக் கோடு விழுந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. இன்னொரு நாளாக இருந்தால் அவளே சிரித்திருப்பாள்.

தம்பி பட்டறையிலிருந்து நேராக வந்து சேர்ந்தான். சட்டையெல்லாம் தீப்பொறி பட்ட ஓட்டைகள். அக்காவைக் கட்டிக்கொள்ள வந்தவனிடம் அவள் நடையின் முதல் வண்டியைக் காட்டினாள். அவனும் கிக்கரும் முன்னும் பின்னுமாகப் பிடித்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். காற்றில்லாத டயர், நெளிந்த ரிம், விடாமல் பிடித்துக்கொண்ட பிரேக். ஒரு வண்டியை இரண்டு பேரும் தூக்கியே கொண்டுபோக வேண்டியிருந்தது. சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது.

வாசலில் பழைய இரும்புக்காரர் வந்து நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, முறையாகத்தான் நின்றார். ஆனால் கண் வெளியே வந்த வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்து அவள் பக்கத்தில் வந்தார்.

“இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான்க்கா. இதெல்லாம் என்ன பண்ணப் போறீங்க?”

அவள் புருஷன் கேட்கிற அதே தொனி. வீடு வீடாகப் போய் அவர் கேட்டது திரும்பி இந்த வீட்டுக்கே வந்துவிட்டது.

“எடுத்துட்டுப் போங்க. நாளைக்கே.”

“சரிக்கா. ஒம்பது வண்டி.”

“எட்டு.”

“உள்ள மூலையில தார்ப்பாய் போட்டு ஒண்ணு—”

“அது சாமான். வண்டி எட்டுதான். கண்ணு சரியில்லையா உங்களுக்கு?”

இரும்புக்காரர் தலையாட்டிவிட்டு ஒதுங்கினார். தம்பி மட்டும் ஏனோ நடைக்குள் பார்த்தான்.

ஒரு மணிக்கு எட்டும் தெருவில் நின்றன. காலியான நடை அவளுக்கு வேறு யாருடைய வீடோ போல இருந்தது. தரையில் எண்ணெய்க் கறைகள் மட்டும். மூன்றாவது வண்டி நின்ற இடத்துக்குப் பின்னால் சுவரில் ஒரு சுவிட்ச் இருந்தது. அப்படி ஒன்று இருப்பதையே அவள் மறந்துபோயிருந்தாள். போட்டாள். நடையின் கோடியில், துணி துவைக்கும் மூலைக்கு மேலே, ஒரு பல்பு எரிந்தது. இத்தனை வருஷம் பகலிலும் அந்த இருட்டில் துணி துவைத்திருக்கிறாள்.

“இந்தக் குவியலையும் எடுத்துட்டா பெட்டி திரும்பிடும்” என்றாள்.

“அது கெடக்கட்டும்க்கா” என்றான் தம்பி அவசரமாக. “ஓரமா நகத்திக்கலாம்.”

“எங்க நகத்தறது? அளந்துட்டுப் போயிருக்காரு. ரெண்டு சாக்குல அள்ளிப் போட்டா ஆச்சு.”

குவியலின் மேல் துணிக்கூடை இருந்தது. அது இருக்கிற இடமே அதுதான். துவைத்துக் காயவைத்த துணியை அதில் போட்டுவைப்பாள். மேலாக அவருடைய ஆபீஸ் சட்டை, நேற்று மடித்தது. கூடையை இறக்கித் தரையில் வைத்தாள். கைப்பையிலிருந்து நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியை எடுத்துக் கயிற்றை நறுக்கினாள். தார்ப்பாயைப் பிடித்து ஓர் இழுப்பு.

உள்ளே அடைத்திருந்த அட்டைப் பெட்டிகள் சரிந்து விழுந்தன. எல்லாம் வெறும் பெட்டிகள். அவற்றின் நடுவே ஒரு வண்டி நின்றது. வண்டி என்று சொன்னால் அதற்கு மரியாதை கொடுப்பதாகும். என்ஜின் இல்லை, டேங்க் இல்லை, விளக்கு இல்லை, சீட் இருந்த இடத்தில் ஒரு பலகை. ஒரு சட்டம், இரண்டு சக்கரம், கைப்பிடி. இடது பக்கத்தில் ஒரு சின்ன இரும்புப் படி.

அவள் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். விரலால் அந்தப் பற்றவைப்பைத் தொட்டாள். திட்டுத் திட்டாக இருந்தது. தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எப்பலேர்ந்து?”

அவன் சரிந்து கிடந்த ஓர் அட்டைப் பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

“எப்பலேர்ந்துடா?”

“எட்டு வருஷம் ஆச்சுக்கா.”

“உனக்குத் தெரியும்.”

“மாமா கூட்டிட்டுப் போனாரு. பத்த வச்சது நீதானே, தொட்டுப் பாத்துச் சொல்லுன்னாரு. பாத்ததும் நான் அழுதுட்டேன்க்கா. அவரும் அழுதாரு. சரி பண்ணி, ஓட்டிட்டு வந்து வாசல்ல நிப்பாட்டி உன்னக் கூப்பிடணும், அதுவரைக்கும் அக்காகிட்ட மூச்சு விடாதன்னாரு.”

“அப்புறம்?”

“அதுக்குள்ள இன்னொரு வண்டி சல்லிசா வந்துச்சு. அதுக்கு கார்புரேட்டர் இல்ல. ஒரு மாசத்துக்குத்தான்னு இதுலேர்ந்து கழட்டினாரு. அப்புறம் வேற ஒண்ணுக்கு டேங்க். நான் கேட்டேன்க்கா. இப்படியே பண்ணா எப்ப அக்காவுக்குக் காட்டறதுன்னு. ‘காட்டிட்டா, கெடச்சிடுச்சுல்ல, இனிமே எதுக்கு வாங்கறீங்கன்னு கேப்பாளேடா’ன்னாரு.”

“அதுக்கப்புறம் எத்தன வந்துச்சு?”

“அஞ்சு” என்று பின்னாலிருந்து கிக்கர் சொன்னான். கணக்குக் கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டான்.

“அஞ்சு.” அவள் எழுந்தாள். “அஞ்சு தடவையும் எங்கிட்ட வந்து, நம்ம வண்டியோன்னு நெனச்சேன், கிட்டப் போனா இல்லன்னு சொன்னாரே. போன மாசங்கூட சொன்னாரேடா! நெஞ்சத் தடவிக்கிட்டே வந்து உக்காந்தாரு. நான் தண்ணி குடுத்தேன். ‘கெடைக்காமலா போயிடும், விடுங்க’ன்னு நானே ஆறுதல் சொன்னேன். அதையும் கேட்டுக்கிட்டுக் குடிச்சாரு. எட்டு வருஷமா அது மேல துணிக்கூடைய வச்சு எடுத்திருக்கேன். எங்கண்ணுல மண்ணத் தூவ உங்களுக்கு வேற எதுவுமே கெடைக்கலையாடா?”

“அக்கா—”

“அக்கான்னு கூப்பிடாத.”

மகள் அவள் தோளைப் பிடித்தாள். “அம்மா, போதும்மா. எல்லாத்தையும் கழட்டின அப்பா இந்தப் படிய மட்டும் விட்டு வச்சிருக்காரு பாரு. உனக்காகத்தாம்மா.”

அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி கிக்கரைப் பார்த்தான்.

“அது வேற எந்த வண்டிக்கும் சேராது அண்ணி” என்றான் கிக்கர், மெல்ல.

தொழில் தெரிந்தவன். அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. அன்றைக்கு ஒரு நாளாவது வந்திருக்கலாம்.

அவள் பின்னறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. கட்டிலில் அவர் மல்லாந்து படுத்திருந்தார். முகத்தில் அதே முகம். ‘இது அதேதான்’ என்று சொல்கிறபோது வைத்துக்கொள்கிற முகம். வலது கை நகக்கண்ணில் அரக்குச் சாயம் ஒட்டியிருந்தது. போன மாத வண்டியின் சாயம்.

“எந்திரி” என்றாள்.

முப்பது வருஷத்தில் அவரை அவள் அப்படிச் சொன்னதில்லை. நடையில் நின்ற மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எந்திரிச்சு எனக்குப் பதில் சொல்லிட்டுப் படு. நீ தேடினது வண்டியவா, இல்ல என் வாய அடைக்க ஒரு சாக்கையா? ஒருநாள், ஒரே ஒருநாள் என்னக் கூப்பிட்டுக் காட்டியிருந்தா என்ன? நான் என்ன சொல்லியிருப்பேன்னு உனக்குத் தெரியுமா? இன்னும் பத்து வாங்கிக்கன்னு சொல்லியிருப்பேன். நாசமாப் போறவனே, சொல்லியிருப்பேன்டா!”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் சட்டைக் காலர் லேசாகப் படபடத்தது. மேலிருந்து இரண்டாவது பொத்தானை யாரோ மூன்றாவது காஜாவில் போட்டிருந்தார்கள். அவளுக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது; ஆனாலும் அது தெரிந்தது. வெடுக்கென்று அதைக் கழற்றினாள். ஒவ்வொரு பொத்தானாக இழுத்துப் பிடித்து, அதனதன் இடத்தில் போட்டாள்.

இரண்டு மணிக்குப் பெட்டி வந்தது. நாலு பேர் தூக்கிக்கொண்டு நடையில் நுழைந்தார்கள். மூலையில் திரும்பும்போது சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடம் மிச்சம் இருந்தது. கிக்கர் முன்னால் பின்பக்கமாக நடந்தபடி, “வரலாம், வரலாம், இடது பக்கம் கொஞ்சம்” என்று வண்டியைப் பின்னால் எடுக்கிறவனுக்குச் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தான். அவர் படுத்தபடி, நேராக, எதிலும் இடிக்காமல் முன்வாசல் வழியாக வெளியே போனார். அவள் பின்னால் நடந்தாள். நடையின் நடுவில், இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடக்க முடிந்தது.

தெருவில் சுவரோரமாக எட்டு வண்டிகளும் அரக்கு நிறத்தில் வரிசையாக நின்றன. கடைசியாகத் தள்ளிக்கொண்டு வந்த ஒன்பதாவதை எங்கே விடுவதென்று தெரியாமல் தம்பி தெரு நடுவிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். மயான வண்டி பின்பக்கமாக வந்து அவன் பக்கத்தில் நின்றது. பெட்டியை ஏற்றினார்கள். ஓரத்துப் பெஞ்சில் மகள் ஏறி உட்கார்ந்தாள். அவளும் போக வேண்டும். வண்டியின் தரை அவள் இடுப்புக்கு மேலே இருந்தது.

மகள் உள்ளேயிருந்து கை நீட்டினாள். “பிடிச்சுக்கம்மா, எம்பு.”

“எம்பறதெல்லாம் என்னால முடியாது.”

டிரைவர் இறங்கி வந்து ஒரு ஸ்டூல் கேட்டார். அந்த வீட்டில் ஸ்டூல் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மணி இரண்டரையைத் தாண்டியது. அவள் தெருவைப் பார்த்தாள். தம்பி பிடித்துக்கொண்டு நின்ற சட்டத்தைப் பார்த்தாள்.

“கிட்டத் தள்ளு” என்றாள்.

ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு. அவன் அதை மயான வண்டியின் பின்கதவை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தினான். இரண்டு கையாலும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, தொடையை முட்டுக்கொடுத்து நின்றான். அவள் புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, இடது காலைப் படியில் வைத்தாள். உடம்பு முழுவதும் அதன் மேல் இறங்கியது. தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. வலது காலை வண்டித் தரையில் வைத்து ஏறி, பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

பழைய இரும்புக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“அப்ப நாளைக்குக் காலையில வந்துடறேன்க்கா.” சுவரோரம் நின்றவற்றைப் பார்த்தார், தம்பி கையில் இருந்ததைப் பார்த்தார். தயங்கினார். “எட்டா, ஒம்பதா?”

“எட்டுன்னு காலையிலயே சொன்னேன்ல?” என்று அவள் சீறினாள். “ஒரு தடவ சொன்னா காதுல விழாதா?”

டிரைவர் கதவைச் சாத்தாமலே வண்டியை எடுத்தார். தெரு பின்னால் போயிற்று. தம்பி அந்தச் சட்டத்தைச் சாய்க்காமல், இரண்டு கையாலும் பிடித்தபடி, வண்டி திரும்புகிற வரை நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தான்.